கபடில சேத்தா பையன் ஆம்பளயா ஆயிடுவானா? சூளகிரி பக்கத்துல இருந்து ஒரு அப்பாவோட கேள்வி

கேள்வி:

வணக்கம் மேடம். எங்களுக்கு சூளகிரி பக்கத்துல கிராமம், தக்காளி கொத்தமல்லி போடறோம். காலேஜ் படிக்கறப்ப நான் கபடில கார்னர் ஆடுனவன், தோள்பட்டை எறங்குன கையோட மேட்ச் முடிச்சவன்னு ஊர்ல இன்னும் சொல்லுவாங்க. எருது விடும் விழாவுக்குன்னே வீட்ல ஒரு காளை வளக்கறோம். பையனுக்கு 14 வயசு, ஒம்பதாவது படிக்கறான். தண்ணி காட்டறதுல இருந்து குளிப்பாட்டறது வரைக்கும் காளைய அவன் தான் பாத்துக்கறான், ஓட்டம் முடிஞ்சு மிரண்டு நின்னாலும் அவன் கூப்ட்டா தான் அது வரும். ஆனா விழா அன்னிக்கு நீயும் உள்ள எறங்குடான்னா எறங்க மாட்டான், ஓரமா நின்னுக்கறான். ஸ்கூல்ல கபடி செலக்‌ஷன்ல ஒரு பையன் தூக்கி போட்டதுக்கு எல்லார் முன்னாடியும் அழுதுட்டான், பொம்பள மாதிரி அழுவாதடான்னு பி.டி. சாரே சொல்லிருக்காரு. என் மச்சானுங்க எல்லாம் கிண்டல் பண்றாங்க. இப்ப பி.டி. பீரியட் இருக்கற நாள்ல வயித்து வலின்னு லீவு போடறான். பெரிய பொண்ணு பிளஸ் ஒன், கோகோ ஆடறா, அவ தான் ஆம்பள மாதிரி இருக்கா, இவன் பொம்பள மாதிரி. விளையாட்டு தான ஒருத்தன ஆம்பளயா ஆக்கும், ஒரு கபடி அகாடமி ஹாஸ்டல்ல போட்டா அடிச்சு சரி பண்ணிருவாங்களா, இல்ல ஏதாச்சும் ஹார்மோன் பிரச்சனையா?

பதில்:

அண்ணா வணக்கம். கடைசியா கேட்டதுக்கு முதல்ல சொல்லிடறேன், ஏன்னா அத மனசுல போட்டுக்கிட்டு நீங்க பையன தெனமும் உத்து உத்து பாத்துட்டு இருப்பீங்க. அழுகறதுக்கும் ஹார்மோன் குறைக்கும் சம்மந்தமே இல்லீங்க. பசங்களுக்கு பருவ மாற்றம் 9 வயசுல இருந்து 14 வயசுக்குள்ள எப்ப வேணா ஆரம்பிக்கலாம், அதனால ஒம்பதாவதுல ஒரே பெஞ்சுல உக்கார்ற ரெண்டு பேர்ல ஒருத்தன் மீசை அரும்பி தோள் விரிஞ்சு நிப்பான், இன்னொருத்தன் ஆறாவது படிக்கற பையன் மாதிரி இருப்பான், ரெண்டுமே நார்மல் தான். உங்க பையன தூக்கி போட்டவன் எப்படி இருக்கான்னு பாருங்க, அனேகமா சீக்கிரம் வளந்தவனா இருப்பான். அந்த வயசுல கிரவுண்டுல யாரு ஜெயிக்கறாங்கங்கறது பாதி நேரம் யாருக்கு எலும்பும் சதையும் முன்னாடி வந்துச்சுங்கறத பொறுத்து தான். அத வச்சு நாம இவன் ஆம்பள, அவன் பொம்பளன்னு பேர் வச்சிடறோம், ரெண்டு வருஷத்துல ஒடம்பு மாறிடும், பேரு மட்டும் ஒட்டிக்கிட்டு கெடக்கும். 14 முடிஞ்சும் விதை வளர்ச்சியே ஆரம்பிக்கலன்னா மட்டும் ஒரு தடவ குழந்தைங்க டாக்டர்கிட்ட காட்டுங்க, அதையும் மச்சானுங்க காதுக்கு போகாம பண்ணுங்க. ஜிம்முல யாராச்சும் ஊசி போட்டா ஒடம்பு ஏறும்னு சொன்னா அந்த பக்கமே விடாதீங்க, வளர்ற வயசுல ஸ்டீராய்டு உள்ள போனா எலும்பு நுனில இருக்கற வளர்ச்சி தட்டு சீக்கிரமே மூடிக்கும், உயரம் அதோட நின்னுடும், விதை சுருங்கும், மார்பு பெருக்கும்.

உங்க லெட்டர்ல என்னை பயமுறுத்துனது அந்த வயித்து வலி தான். நடிக்கறான்னு நீங்க நினைக்கலாம், ஆனா பயந்தா வயிறு நெஜமாவே வலிக்கும்ணா, குடலுக்கும் மூளைக்கும் நடுவுல நரம்பு வழியா சேதி போயிட்டு வந்துட்டே இருக்கு. முதல்ல ஒடம்பு பிரச்சனை இல்லன்னு உறுதி பண்ணிக்கங்க, எடை குறையுதா, ராத்திரி தூக்கத்துல இருந்து எழுப்பற மாதிரி வலிக்குதா, மலத்துல ரத்தம் வருதா, வாந்தி காய்ச்சல் உண்டான்னு பாருங்க, ஒண்ணு இருந்தாலும் டாக்டர். எதுவும் இல்லாம பி.டி. இருக்கற நாள் மட்டும் வலிக்குதுன்னா அந்த ஒரு மணி நேரத்துல என்ன நடக்குதுன்னு தான் நாம தெரிஞ்சுக்கணும். வெறும் கேலியா இருக்கலாம். பட்டப்பேரு வச்சு கூப்டலாம். டவுசர உருவி விட்டு சிரிச்சிருக்கலாம், பெரிய பசங்க யாராச்சும் தொடக்கூடாத எடத்துல கை வச்சிருக்கலாம், இதெல்லாம் ஆம்பள பசங்களுக்கு நடக்காதுன்னு நம்ம ஊர்ல ஒரு நெனப்பு இருக்கு, அது தப்பு. 2012ல வந்த போக்சோ சட்டம், அதாவது பாலியல் தொல்லைல இருந்து குழந்தைங்கள காக்கற சட்டம், பையன் பொண்ணு ரெண்டு பேருக்கும் தான், அப்படி ஏதாச்சும் தெரிய வந்தா குழந்தைங்க உதவி எண் 1098க்கு கூப்டுங்க, தயங்காதீங்க.

எப்படி கேக்கறதுங்கறதுல தான் விஷயமே இருக்கு. எதிர்ல உக்கார வச்சு "ஏண்டா போகல"ன்னு கேட்டா அவன் வாயே தொறக்க மாட்டான். காளைய குளிப்பாட்டறப்ப கூட போய் நில்லுங்க, அவன் கை மாட்டு மேல இருக்கட்டும், கண்ணு உங்கள பாக்க வேண்டிய அவசியம் இல்லாம இருக்கட்டும், அப்ப "பி.டி. பீரியட்ல எந்த நேரம் ரொம்ப கஷ்டமா இருக்கு"ன்னு மட்டும் கேட்டுட்டு விட்டுடுங்க. அன்னிக்கே பதில் வரணும்னு இல்ல. பதில் வர்றப்ப நடுவுல "நான்லாம் அந்த காலத்துல"ன்னு மட்டும் ஆரம்பிச்சுடாதீங்க, அதோட கதவு சாத்திக்கும்.

இப்ப அகாடமி. வேணாம்ணா, இப்போதைக்கு வேணவே வேணாம். அரசு விளையாட்டு விடுதில ஏற்கனவே நல்லா ஆடற பசங்கள தேர்வு வச்சு தான் எடுக்கறாங்க, பயந்த பையன கொண்டு போய் விட்டு தைரியம் ஊட்டி வாங்கிட்டு வர்ற எடம் அது இல்ல. பிரைவேட்டா அடிச்சு வளக்கறேன்னு சொல்றவங்க கிட்ட கண்டிப்பா விடாதீங்க, ஸ்கூல் புள்ளைங்கள அடிக்கவும் கூடாது மனசு நோக வைக்கவும் கூடாதுன்னு 2009 கல்வி உரிமைச் சட்டத்தோட 17ஆவது பிரிவே சொல்லுது. சட்டத்த விடுங்க, அடிச்சா பையன் என்ன கத்துக்கறான்னு பாருங்க. வலிய மறைக்க கத்துக்கறான், அவ்ளோ தான். என்கிட்ட வர்ற கபடி பசங்கள்ல சில பேரு முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் தூக்கம் இல்லாம, சாப்பாடு எறங்காம வருவாங்க. முட்டி திரும்பி டொக்குன்னு சத்தம் கேட்டு கொஞ்ச நேரத்துல வீங்கிடுச்சுன்னா உள்ள ஏ.சி.எல். ஜவ்வு கிழிஞ்சிருக்க வாய்ப்பு ஜாஸ்தி, அதுக்கு உடனே ஆட்டத்த நிறுத்தி ஸ்கேன் எடுக்கணும், இவங்க என்ன பண்ணுவாங்கன்னா புத்தூர் கட்டு போட்டுக்கிட்டு, மேல முட்டிக்கு கேப் மாட்டிக்கிட்டு, வலி மாத்திரை முழுங்கிட்டு அடுத்த வாரமே டோர்னமெண்டுல எறங்குவாங்க, ஜவ்வோட போறது அப்புறம் குருத்தெலும்பையும் சேத்து கெடுத்துடும். ஆபரேஷன் பண்ணா மறுபடி ஆட கொறஞ்சது 9 மாசம் பொறுக்கணும், அதுக்கும் பொறுமை இருக்காது. ஏன்டா தம்பி மொதல்லயே சொல்லலன்னு கேட்டா எல்லாரும் ஒண்ணு தான் சொல்லுவாங்க, வலிக்குதுன்னு சொன்னா பொட்டம்பாங்க மேடம்.

உங்க தோள்பட்டை இப்ப எப்படி இருக்குண்ணா? சின்ன வயசுல ஒரு தடவ எறங்குன தோள் மறுபடி மறுபடி எறங்கறது ரொம்ப சகஜம், தலைக்கு மேல கை தூக்கி தக்காளி பெட்டி ஏத்தறப்ப உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். நீங்க அன்னிக்கு ஆடுனது தைரியம் இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அன்னிக்கு உங்கள வெளிய கூப்ட்டு உக்கார வச்சிருக்க வேண்டிய பெரியவங்க கை தட்டிட்டு இருந்தாங்க, அது தப்பு. அந்த கைதட்ட தான் இப்ப நீங்க உங்க பையனுக்கு வாங்கி குடுக்க பாக்கறீங்க, நல்ல மனசோட தான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

விளையாட்டு தான் ஆம்பளயாக்கும்னு கேட்டீங்க. நம்ம மண்ணுல இந்த நெனப்பு ரொம்ப பழசு. கொல்லேறு, அதாவது குத்தி கொல்ற காளை, அதோட கொம்புக்கு பயப்படறவன ஆயர் மகள் மறுபிறவில கூட கட்டிக்க மாட்டாள்னு கலித்தொகைலயே இருக்கு, அப்பவே கல்யாணத்துக்கும் காளைக்கும் முடிச்சு போட்டாச்சு. சடுகுடுல பாடிட்டு போறவன் "நான் தாண்டா உங்கப்பன்"னு தான் பாடிட்டு போவான், அதாவது கோட்ட தாண்டறப்பவே எதிராளிய மகனாக்கிட்டு தான் போறது. அப்புறம் வெள்ளக்காரன் வந்தான், 19ஆம் நூற்றாண்டுல அவங்க ஊர் போர்டிங் ஸ்கூல்கள்ல சாம்ராஜ்யத்த ஆள்றதுக்கு ஆள் தயார் பண்ணனும்னு விளையாட்ட கட்டாயமாக்கி, வலிச்சாலும் மூஞ்சில காட்டாதன்னு பழக்குனாங்க, அந்த பாணி டிரில்லு மாஸ்டரு, பி.டி. பீரியட்னு நம்ம பள்ளிக்கூடத்துக்கும் வந்துச்சு. சென்னைல ஹாரி குரோ பக் 1920ல ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வி கல்லூரிய ஆரம்பிச்சாரு, பி.டி. வாத்தியாருக்குன்னு நம்ம நாட்டுல வந்த ஆரம்ப கால காலேஜ்கள்ல அது ஒண்ணு. பக் நம்ம ஊரு ஆட்டங்களையும் மதிச்சவரு, அவர நான் குத்தம் சொல்லல, விசில் ஊதுனா வரிசைல நிக்கற அந்த ஏற்பாடு எங்கெருந்து வந்துச்சுன்னு சொல்றேன். இந்த ரெண்டும் கலந்தது தான் இன்னிக்கு உங்க பையன் ஸ்கூல் கிரவுண்டுல நிக்குது. ஊர்ல இதுக்கு இருக்கற உணர்ச்சி எனக்கு தெரியாதது இல்ல, 2023 பிப்ரவரில கோபசந்திரத்துல விழாவுக்கு அனுமதி லேட்டாச்சுன்னு பெங்களூரு ஹைவேயே நின்னு போச்சே, அது உங்க பக்கம் தான.

ஆனா அதே மண்ணுல இன்னொண்ணும் இருக்குண்ணா. தர்மபுரி, கிருஷ்ணகிரி மியூசியத்துல நடுகல்லுங்க வச்சிருக்காங்க, பையன ஒரு நாள் கூட்டிட்டு போங்க. அதுல நிறைய கல்லு மாடு மீட்க போய் செத்தவனுக்கு எடுத்தது, அதாவது மாட்ட அடக்குனவனுக்கு இல்ல, ஊரு மாட்ட காப்பாத்த போனவனுக்கு. செங்கம் பக்கம் எடுத்தனூர்ல கி.பி. 7ஆம் நூற்றாண்டு கல்லு ஒண்ணு இருக்கு, வீரன் பக்கத்துல ஒரு நாய செதுக்கி, கோவிவன்னு அதோட பேரையும் வெட்டி, ரெண்டு கள்ளன கடிச்சு காவல் காத்ததுன்னு எழுதி வச்சிருக்காங்க. வீரத்த ஒரு நாய்கிட்ட பாத்தா கூட கல்லு நட்டு கும்பிட்ட ஊருங்க இது. உங்க வீட்ல மிரண்ட காளை உங்க பையன் குரலுக்கு நிக்குது, உள்ள எறங்கி கொம்புல கட்டுனத பறிக்கறவங்க கூட்டத்துல எத்தன பேருக்கு அது நிக்கும்? மாட்டோட காது எப்ப பின்னாடி போகுது, எப்ப மூச்சு மாறுதுன்னு படிக்க தெரிஞ்சவனுக்கு தான் அந்த நெரிசல்ல எறங்குனா என்ன ஆகும்னு தெரியும். அவன் ஓரமா நிக்கறது ஆபத்து தெரிஞ்சு நிக்கறதா கூட இருக்கலாம்ல. 14 வயசு பையன தடுப்புக்கு உள்ள எறக்கறது எந்த கணக்குலயும் சரி இல்ல, விழா எவ்ளோ பெருசா இருந்தாலும்.

அழுததுக்கு வர்றேன். 2024 ஜூன் 29, பார்படாஸ்ல டி20 உலகக்கோப்பை ஃபைனல்ல கடைசி ஓவர் போட்டு முடிச்சுட்டு ஹர்திக் பாண்டியா அழுததை நீங்களும் டிவில பாத்திருப்பீங்க, யாராச்சும் பொம்பள மாதிரின்னு சொன்னாங்களா? 2022ல டென்னிஸ் ஆடற ஃபெடரர் ஓய்வு பெற்ற அன்னிக்கு, அவர எதிர்த்து ஆடுன நடாலும் பக்கத்துல உக்காந்து தேம்பி தேம்பி அழுதாரு, ரெண்டு பேரும் கைய பிடிச்சுக்கிட்டு. 2014 இங்கிலாந்து டூர்ல கோலி 10 இன்னிங்ஸ்ல 134 ரன்னு தான் எடுத்தாரு, அப்ப மன அழுத்தத்துல இருந்தேன், சுத்தி அவ்ளோ பேர் இருந்தும் தனியா இருந்தேன்னு பல வருஷம் கழிச்சு தான் வெளிய சொன்னாரு. ஜெயிச்சவன் அழுதா நாமளும் சேந்து கண் கலங்கறோம், தோத்த பையன் அழுதா மட்டும் கேவலமா தெரியுது, அப்ப நாம அழுகைய பாக்கல, கப்ப தான் பாக்கறோம். இது சின்ன விஷயம் இல்லீங்க, தேசிய குற்ற ஆவண காப்பக கணக்குப்படி 2022ல நம்ம நாட்டுல தற்கொலை பண்ணிக்கிட்ட 1,70,924 பேர்ல 100க்கு ஏறக்குறைய 72 பேரு ஆம்பளைங்க. இதுக்கு கடன், குடி, குடும்பம்னு பல காரணம் உண்டு, ஆனா முடியலன்னு வாய் விட்டு சொல்ல பழக்காத வளர்ப்பும் அதுல ஒண்ணுன்னு நான் தெனமும் பாக்கறேன். உங்க பையன் இன்னும் அழறான். அந்த அளவுக்கு அவன் இன்னும் நம்மள நம்பறான்.

பொண்ணு பத்தி ஒரு வரி எழுதிட்டு போயிட்டீங்க, ஆனா அவளும் அதே வீட்ல தான இருக்கா. அவ ஜெயிக்கறப்ப எல்லாம் ஆம்பள மாதிரின்னு சொன்னா, நல்லா ஆடறது அவளோட சொத்து இல்ல, யார்கிட்டயோ கடன் வாங்குனதுன்னு ஆயிடுது, தம்பி அழுதா பொம்பள மாதிரின்னு சொன்னா அவ பொறப்பே திட்டறதுக்கு ஒரு வார்த்தைன்னு ஆயிடுது. ஹாங்சோ ஆசிய விளையாட்டுல 2023ல நம்ம பொண்ணுங்க சைனீஸ் தைபேய 26-25ன்னு ஒரே பாயிண்டுல அடிச்சு கபடி தங்கம் வாங்குனாங்க, அந்த கடைசி நிமிஷத்த தாங்கறதுக்கு எவ்ளோ நெஞ்சுரம் வேணும், அது ஆம்பளத்தனமா? இந்த பேச்சு முத்துனா எங்க போய் நிக்கும்ங்கறதுக்கு புதுக்கோட்டை சாந்தி சௌந்தரராஜன் இருக்காங்க, 2006 தோஹா ஆசிய விளையாட்டுல 800 மீட்டர் ஓடி வெள்ளி வாங்குன பொண்ணு, பாலின டெஸ்ட் வச்சு மெடல புடுங்கிட்டாங்க, அவங்க பட்ட பாடு கொஞ்ச நஞ்சம் இல்ல. நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி ஒரு காலத்துல பொண்ணு பொறந்தா என்ன பண்ணுச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், 2011 கணக்குலயும் ஆண் பெண் விகிதத்துல பின்தங்குன மாவட்டங்க தான். ஆம்பள புள்ளன்னு கொண்டாடி வளக்கறதோட கனம் அந்த புள்ள தலைலயும் தான் ஏறுது, பொண்ண மட்டும் நசுக்கல.

சரி, என்ன பண்றது. மச்சானுங்க கிண்டல நிறுத்த வேண்டியது நீங்க, பையன் இல்ல, அதுவும் அவன் காதுல விழற மாதிரி "என் பையன பத்தி என் முன்னாடி இப்படி பேசாதீங்க"ன்னு ஒரு தடவ சொல்லிடுங்க, அவனுக்கு அது எந்த அகாடமியும் தராத தெம்ப குடுக்கும். பி.டி. சார நேர்ல போய் பாருங்க, சண்டைக்கு இல்ல. அவரு வளந்ததும் அதே மாதிரி தான் இருக்கும், மரியாதையா சொல்லுங்க, "சார், பொம்பள மாதிரின்னு சொன்னது அவன வீட்டோட ஒக்கார வச்சிடுச்சு, அந்த வார்த்தை வேணாம் சார், மத்தபடி நீங்க கண்டிங்க"ன்னு. எடை சமமா இருக்கற பசங்களோட ஜோடி போட்டு விட சொல்லுங்க.

ஒடம்ப அசைக்காம விடுங்கன்னு நான் சொல்லல. 5ல இருந்து 17 வயசு வரைக்கும் தெனம் ஒரு மணி நேரமாச்சும் வேர்க்க ஆடணும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது, மனசுக்கும் அது மருந்து தான். ஓடட்டும், சிலம்பம் சுத்தட்டும், சைக்கிள் எடுத்துக்கிட்டு போகட்டும், வாலிபால் ஆடட்டும், எதுன்னு அவனே சொல்லட்டும். கபடி மேலயே அவனுக்கு ஆசை இருந்தா (இருக்கலாம், செலக்‌ஷனுக்கு அவனா போனானா நீங்க அனுப்புனீங்களான்னு நீங்க எழுதல) அவனுக்கு தேவை ஒண்ணு தான், விழ கத்துக்கறது. தூக்கி போட்டா எப்படி விழறதுன்னு யாரும் சொல்லி தராம நேரா மேட்ச்சுல விட்டா யாருக்கும் பயம் வரும். மணல்லயோ உழுத நிலத்துலயோ, மொதல்ல உக்காந்த நிலைல இருந்து, தாடைய நெஞ்சோட ஒட்டி, கைய ஊனாம தோள் பக்கமா உருண்டு விழ பழக்குங்க, கைய நீட்டி ஊனுனா தான் மணிக்கட்டும் காரை எலும்பும் போகும். அதுக்கு உங்கள விட நல்ல வாத்தியாரு அவனுக்கு கெடைக்க மாட்டாங்க, கார்னர் ஆடுனவரு நீங்க, எத்தன பேர எப்படி எறக்குனீங்கன்னு உங்களுக்கு தான் தெரியும். உங்க தோள் எப்படி போச்சுன்னும் சொல்லுங்க, அன்னிக்கு ராத்திரி எவ்ளோ வலிச்சுதுன்னும் சேத்து சொல்லுங்க.

ரெண்டு மூணு வாரம் இப்படி பண்ணியும் லீவு நிக்கலன்னா, இல்ல சாப்பாடு தூக்கம் கொறஞ்சு, காளைகிட்ட போறதையே விட்டுட்டான்னா, இல்ல வாழ பிடிக்கலங்கற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலும், தள்ளி போடாம கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரில மனநல பிரிவுக்கு கூட்டிட்டு போங்க, அரசு மனநல உதவி எண் 14416க்கு போன் பண்ணாலும் தமிழ்லயே பேசுவாங்க, காசு கெடையாது, அப்பாவா நீங்களே உங்களுக்காகவும் பேசலாம். அடுத்த செலக்‌ஷனுக்கு போறதா வேணாமாங்கறத அவன் வாயால சொல்லட்டும், அது வரைக்கும் வீட்ல அந்த பேச்ச யாரும் எடுக்க வேணாம்ணா.